பல மரம் கண்ட தச்சனா டேவிட் பர்ன்?

தாளக்கட்டு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 1984-இல் வெளிவந்து, 2023-இல் புதுப்பிக்கப்பட்ட பிரதியாக மீண்டும் திரையரங்குகளுக்கு வந்த 'ஸ்டாப் மேக்கிங் சென்ஸ்' என்னும் கச்சேரிப் படத்தைச் சென்ற மாதம்தான் முதன்முறையாகப் பார்த்தேன். டாக்கிங் ஹெட்ஸ் என்னும் அமெரிக்க ராக் குழுவின் பாடல்கள் இரண்டொன்றை முன்பே கேட்டிருந்தாலும், அவற்றைப் பாடிய டேவிட் பர்ன் யார், எப்படிப்பட்டவர் என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை.

படம் முடிந்ததும் அவரைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கியவன் மலைத்துப் போனேன். 1986-இல் ஒரு முழுநீளத் திரைப்படத்தை இயக்கி, அதில் தாமே கதைசொல்லியாக நடித்திருக்கிறார். ரியூய்ச்சி சகமோட்டோ, சோங் சூ ஆகியோருடன் சேர்ந்து 'த லாஸ்ட் எம்பரர்' படத்தின் இசைக்காக 1988-இல் ஆஸ்கர் வாங்கியிருக்கிறார். அதே ஆண்டில் ஓர் இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கியிருக்கிறார். நாட்டிய நிகழ்ச்சிக்கு இசை, நூல்கள், ஓவியங்கள், நியூயார்க் நடைபாதைகளுக்கு மிதிவண்டி நிறுத்தும் கம்பிகள் என்று பட்டியல் நீள்கிறது. அலுவலகக் கூட்டங்களில் நம்மைத் தூங்க வைக்கும் பவர்பாயிண்டில்கூட ஒரு கலைப்படைப்பைச் செய்து 2003-இல் வெளியிட்டிருக்கிறார்! 1986 அக்டோபரில் டைம் இதழ் இவரை அட்டையில் போட்டு, ராக் இசையின் மறுமலர்ச்சிக் கால மனிதர் என்றே பாராட்டியிருக்கிறது.

மிருதங்கம் வாசிக்கும் என் தாய்மாமாவிடம் இதையெல்லாம் வியந்து சொன்னபோது, "பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். ஒரே வாத்தியத்தோடு நாற்பது ஆண்டுகள் இருந்தவர் என்பதால் அந்தச் சொல் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. பர்னின் இசை வாழ்வு டாக்கிங் ஹெட்ஸின் கடைசி ஆல்பம் வந்த 1988-உடன் முடிந்துவிட்டதா? அதற்குப் பிறகு அவர் செய்தவை எல்லாம் பெயரும் வசதியும் உள்ள ஒருவரின் பொழுதுபோக்குகள்தாமா? அல்லது இவற்றையெல்லாம் கோக்கும் சரடு ஏதேனும் இருக்கிறதா? நானும் நண்பர்களும் ஒரு சிறு இசைக்குழு வைத்திருப்பதால் வெறும் ஆர்வத்துக்காக மட்டும் இதைக் கேட்கவில்லை.

மேடைவிளக்கு எழுதியது:

தங்கள் மாமாவின் பழமொழியை நான் மறுக்கப் போவதில்லை; அது பெரும்பாலோருக்குப் பொருந்தும். ஆனால் பர்ன் பல மரங்களைக் கண்டாலும் எல்லாவற்றையும் ஒரே உளியால்தான் செதுக்கினார் என்பது என் கருத்து. நாடக மேடைகளில் ஒளியமைப்பு செய்தே காலம் கழித்தவன் என்பதால் எனக்கு எல்லாம் மேடையாகவே தெரிகிறது என்று தாங்கள் கருதினால் அதையும் ஏற்றுக்கொள்கிறேன்.

2012-இல் வெளிவந்த 'ஹௌ மியூசிக் வொர்க்ஸ்' நூலின் முதல் அத்தியாயத்தில் அவர் ஒரு வாதத்தை முன்வைக்கிறார். கலைஞன் உள்ளே ஊறும் உணர்ச்சிக்கு உருவம் கொடுத்துவிட்டு, பிறகு அதைப் பாடுவதற்கு இடம் தேடுகிறான் என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் இடம்தான் முதலில் இருக்கிறது, அந்த இடத்தில் எடுபடும்படியாக இசை தன்னை வளைத்துக்கொள்கிறது என்கிறார் அவர். கல்லால் கட்டிய பெரிய தேவாலயத்தில் ஒலி நெடுநேரம் சுழன்றுகொண்டிருப்பதால் அங்கே மெதுவாக நீளும் சுரங்கள் பொருந்தும். வேகமான தாளம் அங்கே போனால் குழம்பிக் கூழாகிவிடும். 1975-இல் டாக்கிங் ஹெட்ஸ் முதன்முதலில் ரமோன்ஸ் குழுவுக்கு முன்னதாக ஏறி வாசித்த நியூயார்க்கின் சிபிஜிபி மதுவிடுதியோ எதிரொலியே இல்லாத, தட்டுமுட்டுச் சாமான்களும் குடிப்பவர்களின் பேச்சும் நிறைந்த இடம். அங்கே ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொரு வெட்டும் தனித்தனியாகக் காதில் விழும். அவர்களுடைய தொடக்ககாலப் பாடல்கள் ஏன் அவ்வளவு வறண்டு, எலும்பு தெரிய, வெட்டு வெட்டாக இருக்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் எங்கும் படித்ததில்லை.

இப்போது தாங்கள் பார்த்த படத்துக்கு வருவோம். இயக்குநர் ஜோனதன் டெம்மி அதை 1983 டிசம்பரில் ஹாலிவுட்டின் பான்டேஜஸ் அரங்கில் படம்பிடித்தார். தொடக்கத்தில் வெள்ளைக் காலணி அணிந்த இரண்டு கால்கள் வெற்று மேடையில் நடந்து வருகின்றன. பர்ன் ஒரு ஒலிநாடாப் பெட்டியைத் தரையில் வைத்து, உங்களுக்கு ஒரு நாடாவைப் போட்டுக் காட்டப் போகிறேன் என்கிறார். பின்னால் திரை இல்லை, ஜோடனை இல்லை. சுவரும் ஏணியும் அப்படியே தெரிகின்றன. அடுத்த பாட்டுக்கு பேஸ் கிட்டாருடன் டினா வேமௌத் வருகிறார். அதற்கடுத்த பாட்டுக்குள் கறுப்பு உடை அணிந்த பணியாளர்கள் டிரம்ஸ் மேடையை உருட்டி வந்து நிறுத்துகிறார்கள். ஒரு கச்சேரி எப்படிக் கட்டப்படுகிறது என்பதைப் பார்வையாளரின் கண்முன்னாலேயே கட்டிக் காட்டுகிறார்கள். எந்த மேடையிலும் நாங்கள் படாதபாடு பட்டு மறைக்கும் வேலை அது. அதையே அவர் காட்சிப் பொருளாக்கிவிட்டார். அந்த நாடாப் பெட்டியும் ஒரு நாடகம்தான். தாளம் வந்தது அதிலிருந்து அல்ல, மறைவில் இருந்த தாளக் கருவியிலிருந்து.

அந்தப் பெரிய கோட்டு சூட்டையும் வெறும் கோமாளித்தனமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஜப்பானியர்களின் நோ நாடகத்தில் நடிகரின் உடை உடம்பை ஒட்டாமல் அகன்று, தட்டையாக, முன்பக்கமிருந்து பார்ப்பவருக்கு ஒரு பெட்டியைப் போல நிற்கும். அங்கிருந்து எடுத்த யோசனை அது. தலை சிறியதாகத் தெரிய வேண்டும் என்றால் உடம்பைப் பெரிதாக்குவதுதான் வழி. அரங்கின் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் தெரிய வேண்டும் என்று கணக்குப் போட்ட ஒருவரின் முடிவு இது.

இதே கேள்வியை அவர் கட்டடத்திடமும் கேட்டார். 2005-இல் ஸ்டாக்ஹோமிலும், 2008-இல் நியூயார்க்கின் பழைய படகுத்துறைக் கட்டடத்திலும், அடுத்த ஆண்டு இலண்டனிலும் அமைத்த 'பிளேயிங் த பில்டிங்' என்ற படைப்பில், பெரிய வெற்றுக் கூடத்தின் நடுவே ஒரு பழைய கால்மிதி ஆர்கன் மட்டும் இருக்கும். அதன் பின்புறத்திலிருந்து குழாய்களும் கம்பிகளும் கிளம்பிக் கட்டடம் முழுவதும் ஓடும். ஒரு கட்டையை அழுத்தினால் தூரத்துத் தூணில் சிறு சுத்தி தட்டும். வேறொன்றை அழுத்தினால் உத்தரத்தில் பொருத்திய மோட்டார் அதிர்ந்து உறுமும். இன்னொன்று பழைய தண்ணீர்க் குழாய்க்குள் காற்றைச் செலுத்திப் புல்லாங்குழலைப் போல ஊதும். ஒலிபெருக்கி கிடையாது. வருபவர் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து வாசிக்கலாம். சங்கீதம் தெரிந்தவருக்கு அங்கே தனிச் சலுகை எதுவும் இல்லை. இடம்தான் இசையை உண்டாக்குகிறது என்று நூலில் எழுதுவதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே, அந்த வாக்கியத்தை இரும்பாலும் காற்றாலும் சொல்லிப் பார்த்துவிட்டார் என்றே இதை நான் புரிந்துகொள்கிறேன்.

மிதிவண்டிக் கம்பிகளைப் பற்றி நீட்டப் போவதில்லை. 1980-களின் தொடக்கத்திலிருந்து நியூயார்க்கில் மிதிவண்டியில் சுற்றியவர், சுற்றுப்பயணங்களுக்கும் மடக்கு வண்டியைக் கூடவே எடுத்துச் சென்றவர். 2008-இல் வால் ஸ்ட்ரீட்டுக்கு டாலர் குறியும், விலையுயர்ந்த கடைத்தெருவுக்குக் குதிகால் உயர்ந்த செருப்பும், வில்லியம்ஸ்பர்க் பகுதிக்குக் கிட்டாருமாக வளைத்துக் கொடுத்தார். அவை நல்ல நகைச்சுவை. அதற்குமேல் அவற்றில் ஆழம் தேடுவது என்னால் ஆகாது.

பேஸ்கிட்டார்க்காரி எழுதியது:

மேலே எழுதிய ஐயாவின் விளக்கம் அழகாக இருக்கிறது. ஆனால் அதில் எல்லா வினைச்சொற்களுக்கும் எழுவாய் பர்ன் ஒருவராகவே இருப்பதைக் கவனித்தீர்களா? முன்னணிப் பாடகர்களைப் பற்றிய பேச்சு எப்போதும் இப்படித்தான் போய் முடிகிறது.

டாக்கிங் ஹெட்ஸ் நால்வரின் குழு. பர்னும் டிரம்ஸ் வாசித்த கிறிஸ் ஃபிரான்ஸும் டினா வேமௌத்தும் ரோட் ஐலண்ட் வடிவமைப்புக் கல்லூரியில் அறிமுகமானவர்கள். ஜெர்ரி ஹாரிசன் 1977-இல் வந்து சேர்ந்தார். குழுவுக்கு பேஸ் வாசிக்க ஆள் வேண்டும் என்பதற்காக டினா அதைப் புதிதாகக் கற்றுக்கொண்டார். 1980-இல் பஹாமாஸின் நாசோவில் 'ரிமெய்ன் இன் லைட்' ஆல்பத்துக்காக அவர்கள் செய்தது, முன்கூட்டி எழுதிய பாடல் எதுவும் இல்லாமல் கூடி வாசித்து, அதில் பிடித்த சிறு துண்டுகளை மீண்டும் மீண்டும் சுழலவிட்டு அடுக்குவது. பர்ன் அந்த அடுக்குகளின் மீது முதலில் பொருளற்ற அசைகளை முணுமுணுத்து, பிறகு அந்த அசைகளுக்குப் பொருந்தும் சொற்களைத் தேடி வைத்தார். 'ஒன்ஸ் இன் எ லைஃப்டைம்' பாட்டில் வானொலிப் பிரசங்கியின் தொனியைக் கொண்டுவந்தது அவருடைய மேதைமை என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தச் சொற்கள் உட்காருவதற்குத் திண்ணை கட்டியவர்கள் யார்? அந்த ஆல்பத்தின் உறையில் ஆக்கியோர் பெயர் எப்படிப் போடப்பட்டது என்பதில் தொடங்கிய மனக்கசப்பு குழுவைக் கடைசிவரை விடவில்லை. 1991 டிசம்பரில் குழு கலைந்துவிட்ட செய்தியைத் தாங்கள் நாளிதழ் வழியாகத்தான் அறிந்துகொண்டதாக ஃபிரான்ஸ் கூறியிருக்கிறார். மற்ற மூவரும் 1996-இல் 'த ஹெட்ஸ்' என்ற பெயரில் ஆல்பம் வெளியிட முனைந்தபோது பர்ன் வழக்குத் தொடுத்தார். பின்னர் அது சமரசத்தில் முடிந்தது.

மேடைவிளக்கு ஐயா அந்தப் பெரிய சூட்டைப் பற்றி எழுதினார். அதை மாட்டிக்கொள்ள பர்ன் மேடையை விட்டு உள்ளே போகும் நேரத்தில் அரங்கைத் தாங்கிப் பிடித்தவர்கள் யார் தெரியுமா? டினாவும் கிறிஸும். 1981-இல் அவர்கள் தனியாகத் தொடங்கிய டாம் டாம் கிளப்பின் 'ஜீனியஸ் ஆஃப் லவ்' பாட்டுதான் அப்போது ஒலிக்கிறது. அந்தப் பாட்டின் அடிநாதத்தை எடுத்துத்தான் 1995-இல் மரையா கேரி உலகப் புகழ்பெற்ற ஒரு பாட்டைச் செய்தார். முன்னணிப் பாடகர் உடை மாற்றும் இடைவெளியில் ஒலித்த அந்த இசை, நடன அரங்குகளில் இன்றும் ஓயவில்லை.

பர்னின் பல்துறைப் பயணத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அவர் ஒவ்வொரு துறையிலும் தமக்கு முன்பே அங்கு வேரூன்றியிருந்த ஒருவரைத் துணையாகக் கொண்டார்: ஒலிக்கூடத்தில் பிரையன் ஈனோ, நாட்டியத்தில் ட்வைலா தார்ப், நாடகத்தில் ராபர்ட் வில்சன், பின்னாளில் பாடகி செயின்ட் வின்சென்ட். தச்சன் பல மரங்களைக் கண்டான் என்றால் ஒவ்வொரு காட்டிலும் அவனுக்கு வழிகாட்டி ஒருவர் இருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தாம் முன்பு நடந்துகொண்ட விதத்துக்காக வருந்துவதாக அவரே பிற்காலத்தில் பேசியிருக்கிறார். 2023 செப்டம்பரில் டொரோண்டோ திரைப்பட விழாவில் அந்தப் படத்துக்காக நால்வரும் ஒரே மேடையில் அமர்ந்தபோது, பாடாவிட்டாலும் பரவாயில்லை என்று எனக்குத் தோன்றியது.

பழைய ஒலிநாடா எழுதியது:

இரண்டு பதில்களிலும் விடுபட்ட ஒரு துறை, நமக்கு மிக அருகில் வந்து போன துறை, அவருடைய லுவாகா பாப் என்னும் இசைத்தட்டு நிறுவனம். பிரேசில் நாட்டுப் பாட்டுகளின் தொகுப்போடு தொடங்கியது அது. ரியோவில் ஓர் இசைத்தட்டுக் கடையின் சம்பா நடன இசை வரிசையில் தேடிக்கொண்டிருந்தபோது, உறையில் கயிறும் முள்கம்பியும் அச்சிட்ட ஓர் இசைத்தட்டைப் பார்த்திருக்கிறார் பர்ன். சம்பாவுக்கும் முள்கம்பிக்கும் என்ன தொடர்பு என்ற வியப்பில் வாங்கிப் போட்டுக் கேட்டார். அது டாம் ஸே என்பவர் 1976-இல் வெளியிட்ட ஆல்பம். அந்த மனிதரோ எல்லாராலும் மறக்கப்பட்டு, சொந்த ஊருக்கே திரும்பி உறவினரின் பெட்ரோல் பங்கில் வேலைக்குச் சேர்ந்துவிடலாமா என்று எண்ணிக்கொண்டிருந்தார். 1990-இல் லுவாகா பாப் அவருடைய பாட்டுகளைத் தொகுத்து வெளியிட்ட பிறகு ஐம்பது வயதைக் கடந்த அவருக்கு இரண்டாவது வாழ்வு தொடங்கியது.

இதே நிறுவனம் 1992-இல் ஆசியத் தொகுப்பு வரிசையின் முதல் தட்டாக எதை வெளியிட்டது என்று நினைக்கிறீர்கள்? விஜய் ஆனந்தின் தென்னிந்தியத் திரையிசையை! தொகுப்பின் பெயர் 'டான்ஸ் ராஜா டான்ஸ்'. அது 1987-இல் வந்த கன்னடப் படத்தின் பெயர். நம்மவர்களுக்கு விஜய் ஆனந்த் என்றால் 1986-இல் ரஜினிகாந்தும் ஸ்ரீதேவியும் நடித்த 'நான் அடிமை இல்லை' படத்தின் இசையமைப்பாளர் என்றால்தான் விளங்கும். 'ஒரு ஜீவன்தான்' பாட்டை முணுமுணுக்காதவர் அந்தத் தலைமுறையில் குறைவு. நாம் வானொலியில் கேட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்ட ஓர் இசையமைப்பாளரை, நியூயார்க்கில் ஒருவர் உட்கார்ந்து உற்றுக் கேட்டிருக்கிறார் என்பது எனக்குப் பெருமையாகவும் சற்று வெட்கமாகவும் இருந்தது.

அதே பர்ன் 1999-இல் நியூயார்க் டைம்ஸில் 'உலக இசை' என்ற முத்திரையையே தாம் வெறுப்பதாக ஒரு கட்டுரை எழுதினார். அந்த முத்திரை குத்திய கணத்திலேயே ஓர் இசை அயலாருடையது, வேடிக்கை பார்ப்பதற்கு உரியது, நம் வாழ்க்கைக்குத் தொடர்பில்லாதது என்று ஒதுக்கப்பட்டுவிடுகிறது என்பது அவருடைய வாதம். அந்த வகை இசையை விற்கும் நிறுவனத்தை நடத்திக்கொண்டே அதை எழுதினார் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். எனினும் வாதம் சரிதான்.

தாளக்கட்டு எழுதியது:

மூவருக்கும் நன்றி. 'ஒரு ஜீவன்தான்' பாட்டுக்கும் டேவிட் பர்னுக்கும் இடையில் இப்படியொரு கண்ணி இருக்கும் என்று கனவிலும் நினைக்கவில்லை. மேடைவிளக்கு ஐயாவிடம் ஓர் ஐயம். இடத்துக்கேற்ற இசை என்பதை இவ்வளவு வலியுறுத்தியவரின் 'ஹியர் லைஸ் லவ்' இசை நாடகம் 2023-இல் நியூயார்க்கின் பிராட்வே நாடக அரங்குக்கு வந்தபோது, பதிவு செய்த இசையையே ஓடவிடப் போவதாக அறிவித்ததால் இசைக்கலைஞர்களின் சங்கம் எதிர்த்தது என்று படித்தேன். இது அவருடைய கொள்கைக்கே முரண் அல்லவா?

மேடைவிளக்கு எழுதியது:

நல்ல கேள்வி. முதலில் பேஸ்கிட்டார்க்காரி அம்மையாரின் திருத்தத்தை முழுமனதோடு ஏற்கிறேன். இனி அந்தப் படத்தைப் பார்க்கும்போது உடை மாற்றும் அந்த நேரத்தைத்தான் என் கண் தேடும்.

நடன இசைக் கலைஞர் ஃபேட்பாய் ஸ்லிம்முடன் சேர்ந்து பர்ன் உருவாக்கிய அந்தப் படைப்பு, பிலிப்பைன்ஸின் முன்னாள் அதிபர் ஃபெர்டினான்ட் மார்கோஸின் மனைவி இமெல்டா மார்கோஸைப் பற்றியது. டிஸ்கோ நடன விடுதிகளில் மயங்கிக் கிடந்தவர் அவர். எனவே அந்த அதிகாரப் போதையைப் பார்வையாளர்களே உணரும்படி, அவர்களை ஆட வைத்துக் கதை சொல்ல வேண்டும் என்பது திட்டம். 2010-இல் ஆல்பமாக வந்து, 2013-இல் நியூயார்க்கின் பப்ளிக் தியேட்டரில் மேடையேறி, பிராட்வேக்கு வந்தபோது, அரங்கின் கீழ்த்தள இருக்கைகளைப் பெயர்த்தெடுத்து அங்கே நடனத் தளம் அமைத்தார்கள். டிஸ்கோவில் ஒலிப்பது பதிவு செய்த இசைதானே, ஆகவே இங்கும் அதுதான் பொருத்தம் என்பது தயாரிப்பாளர் தரப்பின் வாதம். ஆக, அவருடைய கொள்கைப்படி பார்த்தால் முரண் இல்லை. ஆனால் அந்த அரங்கில் வாசித்துப் பிழைக்கும் மனிதர்களும் அந்த இடத்தின் ஒரு பகுதிதான் என்பதைக் கொள்கை கணக்கில் எடுக்கவில்லை. சங்கத்தின் பக்கம்தான் நியாயம் இருந்தது என்பேன். கடைசியில் பன்னிரண்டு கலைஞர்கள் நேரில் வாசிப்பது என்று உடன்பாடு ஏற்பட்டது. காட்சி ஜூலையில் தொடங்கி அந்த நவம்பரிலேயே நின்றுபோனது.

இசைக்குழு நடத்துபவர் என்பதால் தங்களுக்கு நான் பரிந்துரைப்பது பர்னின் 'அமெரிக்கன் யுடோபியா' என்னும் மேடைக் கச்சேரி. 2019-இல் பிராட்வேயின் ஹட்சன் அரங்கில் தொடங்கியது; ஸ்பைக் லீ அடுத்த ஆண்டு படமாக்கினார். மூன்று பக்கமும் சங்கிலித் திரை தொங்கும் வெற்று மேடையில், சாம்பல் நிறக் கோட்டும் வெறுங்காலுமாக அனைவரும் நடமாடுகிறார்கள். கீபோர்டு உட்பட எல்லாக் கருவிகளும் உடம்பில் கட்டப்பட்டவை. தரையில் ஒரு கம்பிகூடக் கிடையாது. ஓரிடத்தில் ஆணியடித்தாற்போல் உட்கார்ந்திருக்கும் டிரம்ஸ்காரர் அங்கே இல்லை. ஒருவர் வாசிக்கும் டிரம்ஸைப் பல பேருக்குப் பிரித்துக் கொடுத்து அவர்களையும் நடக்க விட்டிருக்கிறார். அறுபத்தேழு வயதில், 1983-இல் சாமான்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து நிரப்பிய மேடையிலிருந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டார்.

தாளக்கட்டு எழுதியது:

பார்த்துவிட்டேன் ஐயா. மாமாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். பாட்டுகளின்போது ஒன்றும் பேசவில்லை. தாளக்காரர்கள் வரிசையாக முன்னால் நடந்து வந்த இடத்தில் மட்டும் கணினியை நிறுத்தச் சொல்லி, மீண்டும் போடச் சொன்னார். தொடையில் தட்டிக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையில் நாங்களும் டிரம்ஸைப் பிரித்துப் பார்த்தோம். ஒருவன் பெரிய டிரம்மைக் கழுத்தில் மாட்டிக்கொண்டான், நான் ஸ்நேர் என்னும் சிறிய டிரம்மை எடுத்துக்கொண்டேன், கிட்டார் வாசிப்பவன் ஒற்றைச் சிம்பல் தட்டோடு நின்றான். நான்கு சுற்றுக்குள் மூவரும் மூன்று திசையில் போய்விட்டோம். ஒருவனே வாசிக்கும்போது வலக்கைக்கும் இடக்காலுக்கும் இடையில் தானாக நடக்கும் பேச்சுவார்த்தை, மூன்று பேராகப் பிரிந்தால் கண்ணைப் பார்த்துத்தான் நடக்கிறது. நடந்துகொண்டே வாசிப்பதை இன்னும் முயலவில்லை. ஒத்திகை அறையில் அதற்கு இடமும் இல்லை. அடுத்த வாரம் மொட்டைமாடிக்குப் போகிறோம்.